அக்காவின் முதுகும் பாப்பாவின் காலும்

எங்கள் பக்கத்தில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கருணாபுரத்திலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வருவார்கள். நடவுக்குப் போன இடத்தில் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே வருவாள். ஒருமுறை எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர், ஷேர் ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வந்து இறங்கி, "காலு முன்னால வந்து பொறந்த பொண்ணு வூடு இதானுங்களா?" என்று கேட்டார். வந்தவர்கள் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். என் அக்கா தன் மகளைத் தூக்கி வந்து, அக்குளில் கைகொடுத்து நிறுத்தி, அவளுடைய இடது பாதத்தை அவர்கள் இடுப்பில் மூன்று தரம் வைத்து எடுப்பாள். வைத்தியம் அவ்வளவுதான். "கொஞ்சம் கம்மியா தெரியுதும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார்கள்.

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர்கள் மிதித்தால் பிடிப்பும் சுளுக்கும் விட்டுவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் இந்துவுக்கும் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கும் வித்தியாசம் கிடையாது. அக்கா மகள் கால் முன்னால் வந்தவள். தலை வர நேரமாகிவிட்டது, அழ அதைவிட நேரமாகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளைக்குக் காற்று போகாததால் அவளால் நடக்க முடியாது. கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். பேச்சும் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நீளமாக ஒன்று இருக்கிறது. ஆனால் பிறந்ததிலிருந்து இன்றுவரை அவள் பாப்பாதான். நடக்கத் தெரியாத பெண்ணின் காலைத் தேடி ஊரே வந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

நான் அக்காவுடனேயே இருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கேயும் சொல்லப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் அவர் வீட்டுக்கு வருவது குளிக்கத்தான். ஆலை வாசலில் டிராக்டர் வரிசையிலேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம்.

அதனால் பாப்பாவைத் தூக்குவது என்பது அக்காவின் வேலை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு, பாத்ரூமிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாய்க்கு. சக்கர நாற்காலி இருக்கிறது. அது எங்கள் பாத்ரூம் கதவுக்குள் நுழையாது. தெருச் சாக்கடையைத் தாண்டாது. பாப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி "தூ" என்பாள். தூக்கு என்று அர்த்தம். அவளுடைய முதல் சொல் அதுதான். அம்மா, அப்பா எல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் அரைகுறை. அவள் "தூ" என்றதும் அக்கா கையில் மாவோடு இருந்தாலும் ஓடுவாள். பாப்பாவுக்கு வயது ஏறியது, எடையும் ஏறியது, அக்கா மட்டும் அதே அக்காவாகத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த பாப்பா கையைத் தூக்கினாள். அக்கா குனிந்து அவளைப் பாதி தூக்கியிருப்பாள். அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த நொடி பாப்பாவைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தரையில் விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தை நான் பிரசவத்தில்கூடக் கேட்டதில்லை. பாப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அம்மா கத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து பாப்பா அக்காவிடம் "தூ" சொல்வதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தால் கை தூக்குவாள். மாமாவைப் பார்த்தால் தூக்குவாள். தண்ணீர் கேன் போட வருகிறவரிடம்கூடத் தூக்குவாள். அக்கா பக்கத்தில் போனால் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள். அக்கா எவ்வளவோ கொஞ்சிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி, வாடி தங்கம்" என்று கையை நீட்டினாள். பாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு வலியைவிட அக்காவுக்கு அதுதான் வலித்தது. அப்போது எனக்கும் அழுகை வந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் நல்லவிதமாகவே பேசினார். ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரை சாப்பிடுங்கள், கொஞ்ச நாள் பெல்ட் போடுங்கள், அப்புறம் கட்டாயம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றார். இந்த மூன்றில் அக்காவின் காதில் விழுந்தது மாத்திரையும் பெல்ட்டும். "நாள் பூரா குனிஞ்சி நிமிந்து வேல செய்யறேன், அதுக்கு மேல இன்னாடி எக்சர்சைஸ்? அதெல்லாம் வேல இல்லாதவங்களுக்கு" என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் தெருவில் உடற்பயிற்சி என்றால் காலையில் ஷூ போட்டுக்கொண்டு கோமுகி ஆற்றுப் பக்கம் நடக்கிற ரிட்டயர்டு ஆட்கள் செய்வது.

கொஞ்ச நாளுக்கென்று கொடுத்த பெல்ட்டை அக்கா இரண்டு வருஷம் கழற்றவில்லை. மாவு அரைக்கும்போது பெல்ட், பூசைக்குப் பெல்ட், படுக்கும்போதும் பெல்ட். பக்கத்தில் போனால் வியர்வையும் தைலமும் கலந்து வாசனை வரும். தெருவில் ஒவ்வொருத்தியும் ஒரு யோசனை சொன்னாள். எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த யோசனை ஒன்றுதான். "மருந்த வூட்லயே வச்சிக்கினு ஏம்மா ஊரெல்லாம் சுத்தற?" அதனால் தினமும் சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்ததும் அக்கா குப்புறப் படுப்பாள். நான் பாப்பாவை நிறுத்திப் பிடித்து அவள் காலை அக்காவின் இடுப்பில் வைப்பேன். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கிறது என்பாள். எழுந்து குக்கரை இறக்கினால் திரும்பவும் "மாதாவே" என்பாள்.

அந்த வருஷம் மாசியில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும்போது மாமா ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். கல்வராயன் மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லம் இருக்கிறது, நடக்க முடியாத பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், பள்ளிக்கூடமும் அங்கேயே என்றார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, சொல்ல எத்தனை நாள் யோசித்திருக்கிறார் என்று. "உன்னால தூக்க முடியல. நான் வூட்ல இருக்கறதில்ல. இவ வேலைக்குப் போவணும். பாப்பா பெரிய பொண்ணாவப் போறா. அப்ப இன்னா பண்ணுவ?" அக்கா பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

ஒரு வேன் பிடித்துப் போய்ப் பார்த்தோம். சமவெளியின் வெயில் முடிந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பாப்பா என் மடியில் வாந்தி எடுத்தாள். மேலே காற்று குளிர்ந்தது. சரிவெல்லாம் மரவள்ளி. இல்லம் சாலையிலிருந்து மேட்டில் இருந்தது, கருங்கல் படி ஏறிப் போகவேண்டும். மாமா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அக்கா இரண்டு படி ஏறிப் பார்த்துவிட்டு வேனுக்குத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பிள்ளை தங்கப்போகிற இடத்தை அவளால் போய்ப் பார்க்க முடியவில்லை. இல்லத்துத் தலைவியை எல்லோரும் மதர் என்றார்கள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஜன்னலோரம் ஒரு கட்டிலைக் காட்டி, "ஜூன் மாசம் வரை இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார். இறங்கி வந்து நான் கட்டிலைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். நல்ல காற்று வருகிறது என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி பிசியோ மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் அரசு வேலை அவருக்கு. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, எப்போதும் பசியோடு வருவார். தட்டில் இட்லி வைத்தால் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாரத்தில் ஒரு நாள் வந்து பாப்பாவின் முழங்காலை நீட்டிவிடுவார். மற்ற நாட்களில் அக்கா நீட்டவேண்டும். அக்கா அந்த விஷயத்தில் ராட்சசி. பாப்பா அழுதாலும் விடமாட்டாள். "நீட்டு! இன்னும் நீட்டு! இன்னாடி உனக்கு அவ்ளோ சோம்பேறித்தனம்?" என்று தெருமுனை வரை கேட்கும். பாப்பா கற்றுக்கொண்ட இன்னொரு சொல் "நீட்டு". கோபம் வந்தால் அதைத்தான் வசவாகச் சொல்வாள்.

மலைக்குப் போய்வந்த அந்த வாரம் மேடம் வழக்கமான நேரத்துக்கு வராமல் சாயங்காலம் வந்துவிட்டார். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் அக்கா குப்புறப் படுத்திருக்க, நான் பாப்பாவின் காலை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். படித்த பெண், இதென்ன மூடத்தனம் என்று கிழிக்கப்போகிறார் என்று அவசரமாகக் காலை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க. அப்படியே வைங்க" என்றார் மேடம்.

பையை வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னார். பாப்பாவின் பாதத்தை முதுகெலும்புக்கு வலது பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே வைத்தார். அக்காவை ஒரு கையைத் தரையிலிருந்து லேசாக உயர்த்தச் சொன்னார். பாப்பாவின் முகம் மாறியது. காலுக்கடியில் ஏதோ எழுந்ததை உணர்ந்தவள் "ம்" என்றாள். பிறகு பாதத்தை இடது பக்கம் மாற்றினார். அக்கா அடுத்த கையை உயர்த்தினாள். பாப்பா காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அவள் மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள், ஏமாந்த மாதிரி.

"பார்த்தீங்களாக்கா? உங்க பொண்ணே சொல்லிட்டா" என்றார் மேடம். முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன, ஒவ்வொரு எலும்பையும் அசையாமல் பிடித்துக்கொள்வது அவைதான் என்று விளக்கினார். வலி வந்தபோது இடது பக்கத் தசை தூங்கப் போய்விட்டது. வலி குறைந்தாலும் அது தானாக எழுந்துகொள்ளாது. மாவு அரைப்பதும் துணி துவைப்பதும் பெரிய தசைகளின் வேலை. அவை இந்தச் சின்னதின் வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துப் போய்த்தான் பிடித்துக்கொள்கின்றன. பெல்ட்டோ அதை இன்னும் நன்றாகத் தூங்க வைத்துவிட்டது. "அத எழுப்பணும். வேற வழி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா, தெனம் எழுப்பணும்."

அக்கா தரையில் படுத்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஜூனுக்குள்ள எழுந்துக்குமா மேடம்?"

மேடம் வாக்குக் கொடுக்கவில்லை. "நீங்க செய்யறதப் பொறுத்துதான்" என்றார். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் பயிற்சியைப் பார்த்தால் பயிற்சி என்றே தோன்றாது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு அடிவயிற்றை லேசாக உள்ளே இழுக்கவேண்டும். எவ்வளவு லேசாக என்று அக்காவுக்குப் புரியவில்லை. முகம் சிவக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "புடவக் கொசுவம் சொருகும்போது வயித்த எக்குவீங்களே, அந்தளவு போதும். மூச்ச அடக்காதீங்க. மூச்சு தன்பாட்டுக்குப் போய்க்கினு இருக்கணும்." அது புரிந்தது. அதையே நாள் முழுக்கச் செய்தாள். மாவுக்குத் தண்ணீர் விடும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, பூசையில் பிரசங்கம் நீளும்போது. "சாமியார் பேசறப்ப எவ்ளோ நேரம் எக்கினேன் தெரியுமா?" என்று வெளியே வந்து என்னிடம் பெருமையடித்தாள்.

அடுத்துதான் நாலு கால். பாயில் முழங்காலும் கையும் ஊன்றி மாடு மாதிரி நின்று, வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டவேண்டும். பிறகு மாற்றி. இடுப்பு ஆடக்கூடாது. அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தக்கூடாது. இங்கேதான் மேடம் ஒரு தந்திரம் செய்தார். கட்டிலோரத்தில் பாப்பாவை உட்கார வைத்து, அவள் காலை நீட்டிப் பாதத்தை அக்காவின் இடுப்பில் வைத்தார். "அம்மா இடுப்பு ஆடினா நீ சொல்லணும். சரியா? நீதான் டீச்சர்." முழங்காலை நீட்டச் சொன்னால் ஊரைக் கூட்டுகிற பெண், அம்மாவுக்குக் காவல் இருக்கிறேன் என்று, வைத்த காலை மடக்காமல் நீட்டியபடியே உட்கார்ந்தாள். அக்கா ஒரு காலைப் பின்னால் நீட்டினாள். கால் நடுங்கியது, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. பாப்பா முழுத் தொண்டையில் கத்தினாள்.

"நீ...ட்டு!"

எத்தனை வருஷத்துப் பழியோ! நான் அடுப்படியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா மாடு மாதிரி நின்றுகொண்டே, "சிரிக்கறியா? வந்து நீ நில்லுடி பாப்போம்" என்றாள். போய் நின்றேன். நாள் முழுக்க நாற்காலியில் குந்தியிருக்கிற என் இடுப்பு அவளுடையதைவிட மோசமாக ஆடியது. டீச்சர் எனக்கும் இரக்கம் காட்டவில்லை. ஆலையிலிருந்து குளிக்க வந்த மாமா வாசலிலேயே நின்று, "இன்னா வூடு இது? ஒருத்தி மாடு, ஒருத்தி மாட்டுக்காரி" என்றார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அக்கா விடிந்ததும் பாயை விரிப்பாள். ஜன்னலைச் சாத்திவிடுவாள், எதிர் வீட்டுக்காரி கண்ணில் பட்டால் கதை ஊருக்குப் போய்விடும் என்று. நாலு காலுக்குப் பிறகு மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் உயர்த்துவது, ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது. எல்லாமே மெதுவாக. வேகமாகச் செய்தால் பெரிய தசைகள் வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்று மேடம் சொல்லியிருந்தார். வேலையை வேகமாக முடித்தே பழகிய என் அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை மெதுவாகச் செய்யக் கற்றுக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. பெரிய மலையை ஏறியவர்களைப் புகழ்கிறார்கள். பாயில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு தசையைத் தினம் எழுப்பியவளை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவளைப் புகழத்தான் இதை எழுதுகிறேன்.

பெல்ட் முதலில் படுக்கையிலிருந்து போனது, பிறகு பூசையிலிருந்து போனது, பிறகு ஆணியில் தொங்கியது. ஒரு நாள் பாப்பாவின் பாதம் இடது பக்கம் இருக்கும்போது அக்கா கையை உயர்த்தினாள். பாப்பா "ம்" என்றாள். மேடம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எழுந்துக்கிச்சுக்கா" என்றார். அக்கா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆனாலும் அன்று பாப்பாவிடம் போய்க் கையை நீட்டியபோது, அவள் தன் கைகளைத் தொடைக்கடியில்தான் வைத்துக்கொண்டாள்.

மே மாதத்தில் எல்லாம் கெட்டது. குழாயில் தண்ணீர் நின்று லாரித் தண்ணீர் வந்தது. நான் கடையில் இருந்தேன். அக்கா அவசரத்தில் நிறைந்த குடத்தை இடுப்பைத் திருப்பித் தூக்கியிருக்கிறாள். நான் வந்தபோது பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "மதர்க்குப் போன் பண்ணிட்டேன். கட்டில வச்சிருங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள், திரும்பாமல்.

இரண்டு நாள் பாய் விரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கூடத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பாப்பா உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, அக்கா படுத்திருந்த இடத்துக்கு வந்திருந்தாள். சுருட்டி வைத்த பாயைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். "நீட்டு. நீட்டு." அக்கா, "சும்மா இருடி, அம்மாவுக்கு முடியல" என்றாள். பாப்பா அடிப்பதை நிறுத்தினாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டாள். பின்னிக்கொண்டிருந்த காலில் ஒன்றை, நாக்கைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து நீட்டி அக்காவின் முதுகில் வைத்தாள். யாரும் பிடிக்காமல், யாரும் தூக்கி வைக்காமல் அவள் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டின் மேல் வைத்தாள். அதற்கடியில் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "ம்?" என்று கேட்டாள்.

அக்கா படுத்தபடியே பெல்ட்டின் ஒட்டும் பட்டையைப் பிரித்தாள். அந்தக் கரகர சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மேடம் வந்து பார்த்துத் திட்டினார். வலி வந்ததற்கு அல்ல, நிறுத்தியதற்கு. "திரும்ப வலி வரத்தாங்க செய்யும். வந்தா மொத பாடத்துக்குப் போங்க. அங்கயிருந்து ஏறி வாங்க." அக்கா கொசுவம் சொருகுகிற மாதிரி வயிற்றை எக்குவதிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை சீக்கிரம் ஏறினாள். கடைசியில் மேடம் தூக்குவதையும் கற்றுக்கொடுத்தார். முதுகை வளைக்காமல் குந்தி, பாப்பாவை நெஞ்சோடு ஒட்டி அணைத்து, வயிற்றை எக்கி, தொடையால் எழுவது. படிக்கட்டிலும் வழுக்குகிற இடத்திலும் தனியாகத் தூக்கக்கூடாது. பாத்ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போக சின்னச் சக்கரம் வைத்த ஒரு குட்டி நாற்காலியையும் மாமா வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். பாப்பா எடைக்குச் சரியாக அரிசிப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு அக்கா பழகினாள். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியைத் தூக்கவிட்டாள், தன்னைத் தூக்கவிடவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. "அவளா கேக்கட்டும்" என்றாள்.

ஜூன் பிறந்தது. பாப்பாவை அனுப்புவதில்லை என்று அக்காவும் மாமாவும் முடிவு செய்துவிட்டார்கள். போனில் சொல்லிவிடலாமே என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன்ல சொல்ற விஷயமா இது? நமக்காவ ஒரு கட்டில காலியா வச்சிருக்காங்க. நேர்ல போய்தான் சொல்லணும்." திரும்பவும் வேன், திரும்பவும் வளைவுகள், திரும்பவும் என் மடியில் வாந்தி. மேலே போய் நின்றதும் மாமா பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். அக்கா கருங்கல் படியில் எங்கும் நிற்காமல் ஏறினாள். நான்தான் மூச்சு வாங்கிப் பின்னால் வந்தேன்.

ஜன்னலோரக் கட்டிலை அவள் அப்போதுதான் பார்த்தாள். பூப்போட்ட விரிப்பு விரித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் கையை வைத்துத் தடவினாள். "நல்லா இருக்குது மதர். வேற பிள்ளைக்குக் குடுங்க" என்றாள். மதர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அன்றைக்குப் படியேற முடியாமல் வேனோரம் நின்றது நீதானே? என்ன ஆபரேஷன் செய்தாய்?" என்று கேட்டார். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி அவருக்கும் முதுகு போய்விட்டதாம். பெல்ட்டைக் காட்டினார். அங்கியின் மேலேயே கட்டியிருந்தார்.

அக்கா ஆணியில் தொங்கும் தன் பெல்ட்டைப் பற்றிச் சொன்னாள். பிறகு கூடத்துப் பாயில் நாலு கால் போட்டுக் காட்டினாள். மதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆண்டவர் மன்னிப்பார்" என்று சொல்லிக்கொண்டே அங்கியைச் செருகிக்கொண்டு தானும் நின்றார். நாற்காலிகளில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தின. பாப்பாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். அவளாகவே காலைப் பிரித்து நீட்டி மதர் இடுப்பில் வைத்தாள். மதர் ஒரு காலைப் பின்னால் நீட்டியதும் பெரிய உடம்பு படகு மாதிரி ஆடியது. பாப்பா துறவியென்றும் பார்க்கவில்லை, வயதென்றும் பார்க்கவில்லை.

"நீ...ட்டு!"

அந்த இல்லத்தில் தங்க வந்திருக்கவேண்டிய பெண்.

காபி கொடுத்தார்கள். கிளம்பும் நேரம் வந்தது. பெஞ்சில் இருந்த பாப்பாவைத் தூக்க மாமா குனிந்தார். அவள் அவர் கையைத் தள்ளினாள். நான் போனேன். என்னையும் தள்ளினாள். இத்தனை நாள் அக்காவுக்காகத் தொடைக்கடியில் ஒளித்த கைகளை, கோணிய விரல்களோடு மேலே தூக்கி, அக்காவைப் பார்த்தாள்.

"தூ" என்றாள்.

அக்கா அவசரப்படவில்லை. எதிரில் போய்க் குந்தினாள். பாப்பாவை நெஞ்சோடு ஒட்டி அணைத்தாள். புடவைக்குள் வயிறு லேசாக எக்கியதைப் பார்த்தேன். பிறகு எழுந்தாள். பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் அவள் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வராந்தா முழுக்க அக்கா அவளைச் சுமந்துகொண்டு மெதுவாக நடந்தாள். படி வந்ததும் நின்று, "இங்க நீங்க தூக்குங்க" என்று மாமாவிடம் கொடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாளோ என்று பயந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடக்கிக்கொண்டு நின்றது நான்தான்.